வண்ணாரப்பேட்டையில் இருந்து சீனாவுக்கு ஓர் ஆங்கில வகுப்பு: வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமைகளில் சீனாவில் இருக்கும் இரண்டு கல்லூரிப் பெண்களோடு வீடியோ காலில் ஆங்கிலம் வாசித்து வருகிறேன் என்று போன மாதம் ஒரு பதிலின் நடுவே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதுவும் பெரும்பாலும் நம் பக்கத்தில் இருந்தே, ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று. அதனால் இந்த மாதம் முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே வகுப்பு எடுக்கிறேன். மூன்று மாதமாக சீனாவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு வாரம் மூன்று நாள் பாடம். இலக்கணப் பயிற்சித்தாள் கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறாள். ஆனால் நேற்று என்ன செய்தாய் என்று எழுதச் சொன்னால் 'எஸ்டர்டே ஐ கோ டு லைப்ரரி' என்று எழுதுகிறாள். அவள் அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'ஹி' என்கிறாள். ஒரு பக்கம் வாசிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. எங்கே ஆரம்பிப்பது என்றே புரியவில்லை.
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

அந்தப் பெண்ணுக்கு இலக்கணம் தெரியாது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். தொண்ணூறு மார்க் வாங்குகிறவளுக்கு 'கோ'வுக்கு இறந்தகாலம் 'வென்ட்' என்று நன்றாகவே தெரியும். சீனாவில் 2001இல் இருந்து படிப்படியாக மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். பள்ளி முடித்ததும் ஜூன் மாதத்தில் எழுதும் காவ்காவ் நுழைவுத்தேர்வில் மொத்த மதிப்பெண் 750 என்றால் ஆங்கிலத்துக்கு மட்டும் 150. பத்து வருடம் அதற்காகவே உட்கார்ந்து படித்த பிள்ளை அவள். விதி அவள் தலையில் இருக்கிறது. எழுதும்போது கையைப் பிடித்து நடத்துவது தாய்மொழி, அவ்வளவுதான். நம் பிள்ளைகளுக்கும் அதேதான் நடக்கிறது, ஆனால் நம் பிள்ளைகள் செய்யும் பிழையின் காரணம் நமக்கு உள்ளுக்குள்ளேயே தெரியும், அவளுடையது தெரியாது. அதனால்தான் உங்களுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று புரியவில்லை.

அவள் மொழி எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். சீனத்தில் வினைச்சொல் மாறவே மாறாது. நமக்குப் போனேன், போகிறேன், போவேன் என்று வினைக்குள்ளேயே காலமும் இருக்கிறது, போனது யார் என்பதும் இருக்கிறது. அவர்களுக்கு ஒரே ஒரு 'போ'தான். 'நேற்று' என்று சொன்ன பிறகு காலத்தைச் சொல்லியாகிவிட்டது, அதையே வினையிலும் இன்னொரு தரம் எதற்குச் சொல்ல வேண்டும் என்பது அந்த மொழியின் கணக்கு. 'லெ' என்று ஒரு சின்ன ஒட்டு உண்டு, ஆனால் அது வேலை முடிந்ததைக் காட்டுவது, இறந்தகாலத்தைக் காட்டுவது இல்லை. நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று சொல்லும்போதும் அந்த 'லெ' வரும். இதை 'எட்' விகுதியோடு ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் பலர் குழம்புகிறார்கள்.

'ஹி', 'ஷி' விஷயமும் இப்படித்தான். சீனத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் பேச்சில் ஒரே ஒலி, 'தா'. எழுதும்போது எழுத்து வேறு, காதுக்கு எல்லாம் ஒன்று. நாமும் 'டீச்சர் வந்தாங்களா?' என்று கேட்கும்போது வந்தவர் ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை, அது நமக்குக் குறையாகவும் தோன்றுவதில்லை. மரியாதைப் பேச்சில் மட்டும் நாம் செய்வதை அவர்கள் எல்லாப் பேச்சிலும் செய்கிறார்கள். என்னுடைய மாணவிகளில் ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி அழுதுகொண்டே சொன்ன ஒரு கதை முழுக்க 'ஹி' என்றுதான் சொன்னாள். அந்த இடத்தில் நான் திருத்தவில்லை, நீங்களும் திருத்தாதீர்கள். அடுத்த வாரம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வரும் சின்னக் கதை ஒன்றைக் கொடுத்து, வாசித்துவிட்டுத் தாளைப் பார்க்காமல் திருப்பிச் சொல்லச் சொன்னேன். நாலைந்து கதை இப்படிச் சொன்ன பிறகு அவளே பாதியில் நிறுத்தி 'ஷி, ஷி' என்று சரிசெய்துகொள்ள ஆரம்பித்தாள்.

இப்போது வேலைக்கு வருவோம். பயிற்சித்தாளைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள். வாரம் ஒருமுறை பத்து வரி எழுதச் சொல்லுங்கள், நேற்று நடந்தது, ஊருக்குப் போனது, சாப்பிட்டது, எதுவாகவும் இருக்கட்டும். அதில் இருபது பிழை இருக்கும். இருபதையும் சிவப்பு மையால் வட்டம் போட்டால் அவள் தாளைப் பார்க்கவே மாட்டாள். ஒரு மாதத்துக்கு வினைச்சொல்லின் காலத்தை மட்டும் பாருங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். அதுவும் திருத்தி எழுதிக் கொடுக்காமல் வினைக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போடுங்கள். அவளுக்கு விதி தெரியும் என்பதால் முக்கால்வாசி அவளே திருத்திவிடுவாள்.

வாசிப்புக்கு வருகிறேன், உண்மையில் இலக்கணம் பழகுவதும் இங்கேதான். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால் அவள் வாசிக்கவில்லை, அகராதி பார்க்கிறாள். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழியியல் பேராசிரியர் இதைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார். யாருடைய உதவியும் இல்லாமல் ஒன்றை வாசித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் நூற்றுக்குச் சுமார் 98 ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டது. நூறு சொல்லில் இரண்டு மட்டும் தெரியாமல் இருக்கலாம். நாம் கல்லூரிப் பெண் ஆயிற்றே என்று செய்தித்தாள் தலையங்கத்தைக் கொடுத்துவிடுகிறோம், அதில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து தெரியாது. அவள் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் சீனத்தில் அர்த்தம் எழுதிவைக்கிறாள், பிறகு கண் அந்தச் சீனத்தைத்தான் வாசிக்கிறது, கீழே இருக்கும் ஆங்கிலத்தை விட்டுவிடுகிறது. கொருக்குப்பேட்டையில் பாடம் எடுத்த காலத்தில் எங்கள் பிள்ளைகள் பென்சிலால் தமிழ் எழுதி வைத்திருப்பார்களே, அச்சு அசல் அதேதான்.

அதனால் எளிதானதாக எடுங்கள், குழந்தைத்தனமாக இருக்கிறதே என்று அவள் வெட்கப்பட்டாலும் பரவாயில்லை. நூற்றைம்பது, இருநூறு சொல் போதும். எங்கும் கிடைக்காவிட்டால் நீங்களே எழுதுங்கள். நான் நம் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதினேன். 1856இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம், அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் போனது, கட்டடம் இன்னும் நிற்கிறது. இதில் பாருங்கள், திறந்தது, போனது எல்லாம் இறந்தகாலம், 'நிற்கிறது' மட்டும் நிகழ்காலம். முதல் தடவை கதைக்காக மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை வினைச்சொற்களுக்கு மட்டும் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் 'எப்போது?' என்று கேளுங்கள். 'இதெல்லாம் ஓபன்ட், வென்ட் என்று வரும்போது இது மட்டும் ஏன் ஸ்டேண்ட்ஸ்?' என்று அவளே கேட்டாள் என்றால் அன்றைய பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். நூறு கோடிட்ட இடங்களை நிரப்பியும் வராத ஒன்று அந்தக் கேள்வியில் வந்துவிடுகிறது. என் மாணவிகள் இருவரும் அடுத்த வாரம் தங்கள் ஊர் ரயில் நிலையத்தைப் பற்றி இதே மாதிரி எழுதி அனுப்பினார்கள், நான் கேட்கவே இல்லை.

மூன்றாம் தடவை 'எ', 'த' இரண்டுக்கும். சீனத்திலும் ஆர்ட்டிக்கிள் கிடையாது, தமிழிலும் கிடையாது, ஆனால் கதை சொல்லும்போது இரண்டு மொழியிலும் அதற்கான உணர்வு இருக்கிறது. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம், அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணாம்' என்கிறோம் இல்லையா, முதலில் 'ஒரு', இரண்டாம் தடவை 'அந்த'. சீனக் கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கும். 'இன் 1856 எ ஸ்டேஷன் ஓபன்ட் இன் ராயபுரம், த ஸ்டேஷன் இஸ் ஸ்டில் தேர்' என்பதை இந்த வழியில் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வாள். சூரியனுக்கும் கடலுக்கும் ஏன் முதல் தடவையே 'த' வருகிறது என்று பிறகு கேட்பாள். அதைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், அவசரம் இல்லை.

உங்களுக்கு இருக்கும் ஒரு வசதியை இங்கே சொல்லியாக வேண்டும், இதை ஓர் இங்கிலாந்துக்காரரால் இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது. 'நேற்று காசிமேட்டில் வாங்கின மீன்' என்று நாம் சொல்லும்போது விவரம் எல்லாம் முன்னால் வந்து மீன் கடைசியில் வருகிறது. சீனத்திலும் அதே வரிசை, நேற்று, காசிமேட்டில், வாங்கின, மீன். ஆங்கிலம் மட்டும் மீனை முதலில் போட்டுவிட்டு 'தட் ஐ பாட்' என்று பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. நீளமான ஆங்கில வாக்கியத்தில் சீன மாணவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். 'த போட் தட் மை அங்கிள் ரிப்பேர்ட் லாஸ்ட் வீக் இஸ் பேக் இன் த வாட்டர்' என்று இருந்தால், 'ரிப்பேர்ட்' வந்ததும் வாக்கியம் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள், பிறகு 'இஸ்' எங்கிருந்து வந்தது என்று விழிப்பார்கள். 'தட்' முதல் 'வீக்' வரை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசிக்கச் சொல்லுங்கள். படகு தண்ணீருக்குத் திரும்பிவிட்டது, சரி. இப்போது விரலை எடுத்தால் எந்தப் படகு என்று தெரிந்துவிடும். இரண்டு வாரம் விரல் வைத்துப் பழகினால் அப்புறம் கண்ணே அந்த வேலையைச் செய்யும்.

இன்னும் இரண்டைக் கவனித்துவைத்துக்கொள்ளுங்கள். சீனத்தில் 'ஏனென்றால்' வந்தால் 'அதனால்' ஜோடியாக வரும், 'ஆனாலும்' வந்தால் 'ஆனால்' ஜோடியாக வரும். அதனால்தான் 'பிகாஸ்' எழுதிய வாக்கியத்தில் 'சோ'வும் சேர்ந்துவிடுகிறது. 'தேர் இஸ்' என்பதற்கு 'தேர் ஹேவ்' என்று எழுதுவதும் உண்டு, அவர்கள் மொழியில் 'என்னிடம் உள்ளது', 'அங்கே உள்ளது' இரண்டுக்கும் ஒரே சொல்.

வசதி பற்றி ஒரு வார்த்தை. சீனா முழுக்க ஒரே நேரம், நம்மைவிட இரண்டரை மணி முன்னால். நீங்கள் இரவு எட்டரைக்கு ஆரம்பித்தால் அவளுக்கு பதினொன்று, விடுதியில் விளக்கணைக்கும் நேரமாக இருக்கும். ஆறு மணிக்கு மாற்றிப் பாருங்கள், பாதிச் சோர்வு அதிலேயே போய்விடும். கூகுள் கோப்புகள் அங்கே திறக்காது, அவர்களுடைய வீசேட் என்ற அரட்டைச் செயலிக்கு இங்கே 2020 ஜூனில் இருந்து தடை. பாடத்தை மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவதுதான் சிக்கல் இல்லாத வழி.

டீச்சர், நான் திருவொற்றியூர். சீனாவில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கேன்டீனில் பழக்கமான ஒரு சீன நண்பன் ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறான், சி.இ.டி. நான்கு என்று பெயர். வாசிப்புப் பகுதியில் நேரம் போதவில்லை என்கிறான். அதோடு பேசவும் பயப்படுகிறான். நான் அவனுக்கு உதவினால் அவன் எனக்குச் சீனம் சொல்லித்தருவதாகச் சொல்கிறான். நான் டீச்சர் இல்லை, என்ன செய்யலாம்?
வாசகர், இப்போது சீனாவில்

தம்பி, நல்ல ஏற்பாடு, விட்டுவிடாதே. நாளை வார்டில் நோயாளியிடம் பேச உனக்குச் சீனம் வேண்டும், அவனுக்கு இந்தத் தேர்வு வேண்டும். அரை மணி நேரம் முழுக்க ஆங்கிலம், அரை மணி நேரம் முழுக்கச் சீனம் என்று கடிகாரம் வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் யாருக்கு எது நன்றாக வருகிறதோ அந்த மொழியே ஒரு மணி நேரத்தையும் தின்றுவிடும்.

அந்தத் தேர்வு 1987இல் இருந்து நடக்கிறது, ஜூனிலும் டிசம்பரிலும் வரும், மொத்தம் 710, அதில் 425 வந்தால் தேறியதாக எடுத்துக்கொள்வார்கள். வாசிப்புக்கு நாற்பது நிமிடம். முதலில் பத்துச் சொல் விடுபட்ட ஒரு பத்தி, நிரப்பக் கீழே பதினைந்து சொல் கொடுத்திருப்பார்கள். அடுத்து ஒரு நீண்ட கட்டுரையும் பத்து வாக்கியங்களும், எந்த வாக்கியம் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் இரண்டு பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்வி. உன் நண்பன் அநேகமாக அந்த நீண்ட கட்டுரையை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை வாசித்து மாட்டிக்கொள்கிறான். கும்மிடிப்பூண்டி ரயில் அட்டவணையில் கொருக்குப்பேட்டையைத் தேடும்போது நீ எல்லா ஸ்டேஷனையும் வாசிப்பாயா? கண்ணை ஓட்டுவாய், பேர் கண்ணில் பட்டதும் நிற்பாய். முதலில் பத்து வாக்கியங்களையும் வாசித்து ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் பெயரோ ஆண்டோ எண்ணோ இருந்தால் அதற்குக் கோடு போடட்டும், பிறகு கட்டுரையில் அதை மட்டும் தேடட்டும். ஆனால் கடைசி இரண்டு பத்திகளுக்கு இந்த வேகம் ஆகாது. அங்கே நிதானமாகத்தான் வாசிக்க வேண்டும். எந்த இடத்தில் ஓட வேண்டும், எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்று பிரிக்கத் தெரிவதற்குத்தான் அவனுக்குப் பயிற்சி வேண்டும்.

முதல் பகுதிக்கு ஒரு வழி சொல்கிறேன். பதினைந்து சொல்லையும் பெயர், வினை, அடை என்று முதலிலேயே பிரித்து எழுதிக்கொண்டு, காலி இடத்தின் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல். முன்னால் 'த' இருந்து பின்னால் 'ஆஃப்' இருந்தால் அங்கே பெயர்ச்சொல்தான் வரும். அர்த்தம் தெரியாமலேயே பதினைந்து ஆறாகக் குறைந்துவிடும். இலக்கணம் வாசிப்புக்கு இப்படித்தான் கைகொடுக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து விதி ஒப்பிக்கிற வேலை அவன் பள்ளியிலேயே முடித்தாயிற்று.

எண்களில் கவனம். சீனத்தில் பத்தாயிரத்துக்கு 'வான்' என்று தனிச் சொல், அதை வைத்துத்தான் மேலே எண்ணுவார்கள். நமக்கு லட்சம் எப்படியோ அப்படி. ஒரு மில்லியன் நமக்குப் பத்து லட்சம், அவனுக்கு நூறு வான். கட்டுரையில் மில்லியன் வரும் இடத்தில் நீங்கள் இருவருமே ஒரு நொடி நிற்பீர்கள். சேர்ந்து உட்கார்ந்து நாலு செய்தி வாசித்தால் போய்விடும்.

பேசப் பயப்படுவதற்குச் சீனத்தில் 'ஊமை ஆங்கிலம்' என்று ஒரு பெயரே இருக்கிறது, வாசிப்பேன் எழுதுவேன், வாய் திறக்க வராது என்பது. அதைப் போக்கத்தான் அங்கே ஊருக்கு ஊர் 'இங்கிலீஷ் கார்னர்' நடக்கிறது. பெய்ஜிங்கில் ரென்மின் பல்கலைக்கழகத்திலும், ஷாங்காயில் மக்கள் பூங்காவிலும் முன்பின் தெரியாதவர்கள் கூடி நின்று ஆங்கிலம் பேசிப் பழகுவது பெயர் பெற்றது. உன் கல்லூரியிலும் ஏதாவது இருக்கும், கேட்டுப் பார்த்து அவனோடு போ. அவன் பேசும்போது சிரிக்காமல் இரு. 'ஓபன் த லைட்' என்பான், அவன் மொழியில் விளக்கைத் திறப்பார்கள், நாம் 'லைட்டைப் போடு' என்கிறோம், இரண்டும் ஆங்கிலத்தில் தப்புதான். 'ஈட் மெடிசின்' என்பான், நீயும் வீட்டில் 'மாத்திரை சாப்பிட்டியா?' என்றுதானே கேட்பாய். டாக்டராகப் போகிறவன் நீ, 'டேக்' என்று முதலில் நீ பழகு. 'டோன்ட் யூ லைக் இட்?' என்று கேட்டால் அவன் 'யெஸ்' என்று சொல்லித் தலையாட்டுவான், பிடிக்கவில்லை என்று அர்த்தம். 'நீ வரலியா?' 'ஆமா, வரல' என்று நாம் சொல்வதும் இதேதான். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'நோ' வர வேண்டும். இது தேர்வில் வராது, ஆனால் வாழ்க்கையில் தினமும் வரும்.

முன்பு ஒரு நிறுவனம் மூலம் சீனப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் எடுத்தேன். 2021இல் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒருவர், பதிவுக் கட்டணம் கட்டினால் மறுபடி வாங்கித் தருகிறேன் என்கிறார். கட்டலாமா?
வாசகி, பெரம்பூர்

கட்டாதீர்கள். 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடச் சுமையையும் டியூஷன் சுமையையும் குறைக்க ஓர் ஆணை போட்டது. பள்ளிப் பாடத்துக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்தக் கூடாது, வெளிநாட்டில் இருந்தபடியே பாடம் எடுக்கும் ஆசிரியர்களை வைத்து நடத்தக் கூடாது என்று அதில் இருந்தது. உங்கள் வேலை போனது அதனால்தான், உங்கள் பாடத்தில் குறை இல்லை. கல்லூரி மாணவர்கள், வேலை பார்ப்பவர்கள் தனியாகத் தேடி வந்தால் எடுங்கள். வேலை கொடுக்க முன்பணம் கேட்கிறவர் எந்த நாட்டைச் சொன்னாலும் ஒதுங்கிவிடுங்கள்.

டீச்சர், நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். காலேஜில் நான் தமிழ் பேசினாலே 'மெட்ராஸ் பாஷை' என்று கிண்டல் செய்வார்கள். இப்போது ஒரு சீனப் பெண்ணுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். என் உச்சரிப்பு வெள்ளைக்காரர்கள் மாதிரி இல்லையே, அவளை ஏமாற்றுகிறேனோ என்று குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
வாசகி, வியாசர்பாடி

இல்லை. இந்தக் கடிதத்தை நான் இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். பேசுகிற மொழிக்காக ஒரு பிள்ளையைக் கூனிக் குறுக வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. 'இன்னா' என்று பேசி வளர்ந்த நீங்கள் வகுப்பில் ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ், தேர்வுத்தாளில் ஒரு தமிழ், அதற்கு மேல் ஆங்கிலம் என்று நாலையும் இடம் பார்த்து மாற்றிப் பேசுகிறீர்கள். ஒரு மொழியை வெளியிலிருந்து போய்க் கற்றுக்கொள்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அந்தச் சீனப் பெண்ணுக்கு அதுதான் உதவும். அவள் நாளை ஆங்கிலத்தில் பேசப்போவதும் பாதி நேரம் ஜப்பான்காரரோடும் பிரேசில்காரரோடும்தான்.

ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். நம் ஊர் ஆங்கிலத்தில் நமக்கே தெரியாமல் கலந்துவிட்டவற்றை அவளுக்குக் கொடுத்துவிடக் கூடாது, தேர்வில் அவளுக்குத்தான் மார்க் போகும். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்' இதெல்லாம் நாம் சொல்கிறோம். முதலாவது 'கொண்டிருக்கிறேன்' என்பதிலிருந்து வந்திருக்கும். பாடத்துக்கு முன்னால் நீங்கள் எழுதியதை ஒருமுறை நல்ல அகராதியில் சரிபாருங்கள். உச்சரிப்பில் நமக்கும் சீனர்களுக்கும் பொதுவான ஒரு கஷ்டம் 'வி'யும் 'டபிள்யூ'வும். கண்ணாடி முன்னால் நின்று, 'வி'க்குப் பல் கீழுதட்டைத் தொடுகிறதா, 'டபிள்யூ'வுக்கு உதடு குவிகிறதா என்று இரண்டு பேரும் பாருங்கள். எனக்கும் என் மாணவிக்கும் அது சரியாக வர ஒரு மாதம் ஆனது, அந்த மாதம் எங்கள் வகுப்பில் மிகவும் சந்தோஷமான மாதம்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு, அரசுப் பள்ளி. ஆங்கிலம் என்றாலே புத்தகத்தை மூடிவிடுகிறான். சீனப் பிள்ளைகள் படிக்கிற முறை இவனுக்கு உதவுமா? டியூஷனுக்கு எங்களால் பணம் கட்ட முடியாது.
வாசகி, காசிமேடு

உதவும் அம்மா, அதில் பணம் செலவாகாத இரண்டு விஷயம் இருக்கிறது. அங்கே காவ்காவ் தேர்வில் ஒரு பத்தியில் பத்து இடத்தை விட்டுவிட்டு இலக்கணம் பார்த்து நிரப்பச் சொல்வார்கள். இதை வீட்டிலேயே செய்யலாம். அவன் பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே நடத்திய பாடத்தில் இருந்து ஒரு பத்தியைத் தன் கையாலேயே பார்த்து எழுதட்டும், பத்துச் சின்னச் சொல்லுக்குப் பதிலாகக் கோடு போட்டு எழுதட்டும், 'எ', 'த', 'இன்', 'வாஸ்' மாதிரி. இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தைப் பார்க்காமல் நிரப்பட்டும், பிறகு அவனே திருத்தட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்று இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

இன்னொன்று, அங்கே பல மாநிலங்களின் தாளில் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை நீயே எழுது என்று கேட்பார்கள். இரண்டு பத்தி எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முதல் வரி மட்டும் கொடுத்திருப்பார்கள். முழுக் கேள்விகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கதை எங்கே போகிறது என்று உண்மையாகவே வாசித்தவனால்தான் எழுத முடியும். உங்கள் பகுதி கிளை நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான ஆங்கிலக் கதைப் புத்தகம் இருக்கும், வயதைப் பார்க்காமல் அதையே எடுக்கச் சொல்லுங்கள். பாதி வரை வாசித்துவிட்டு மூடி, மிச்சக் கதையை முதலில் உங்களிடம் தமிழில் சொல்லட்டும். உங்களுக்குக் கதை பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். அப்புறம் ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதட்டும். காலம் தப்பும், 'எ', 'த' எல்லாம் விட்டுப்போகும், முதல் இரண்டு மாதம் ஒன்றையும் திருத்த வேண்டாம்.

அவன் எழுதிய முதல் ஐந்து வரியைப் பத்திரிகை முகவரிக்கு என் பெயர் போட்டு அனுப்பிவையுங்கள். அடித்ததையும், சொல்லுக்கு மேல் பென்சிலில் எழுதிய தமிழையும் அழிக்காமல் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள், எனக்கு அதையும் பார்க்க வேண்டும்.